உப்புவெளி விடுதித் தொட்டியின் பாசி அறை: நான்கு மாத நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் போனால் உப்புவெளி. அங்கே கடற்கரையோரச் சிறு விடுதி ஒன்றின் வரவேற்பறையில் நாலடி நீளமான கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதை அமைத்தவன் நான். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நான்தான். அன்றாடப் பராமரிப்பு விடுதியில் வேலை செய்யும் தம்பி ஒருவரின் பொறுப்பு. உரிமையாளர் அரச வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பின் விடுதி தொடங்கியவர். மீன் மேல் ஆசை, கணக்குக் கொப்பி மேல் அதைவிட ஆசை. அவர் கேட்டுக்கொண்டதால்தான் தொட்டிக்கும் ஒரு கொப்பி வைத்தோம். இந்த ஆய்வை எழுத முடிந்ததும் அந்தக் கொப்பியால்தான், எங்களைத் தவறான வழியில் கொண்டுபோனதும் அதே கொப்பிதான்.

தொட்டியும் அதன் கீழே உள்ள அடித்தொட்டியும் சேர்த்து ஏறத்தாழ 450 லீற்றர் தண்ணீர். இரண்டு கோமாளி மீன், ஐந்து குரோமிஸ், ஒரு பவுடர் புளூ டாங், கொஞ்சம் மென்பவளம். நாலடித் தொட்டிக்கு டாங் பெரிய மீன்தான்; உரிமையாளரின் விருப்பத்துக்கு நான் விட்டுக்கொடுத்த இடம் அது. உயிர்கள் எல்லாம் கொழும்பில் காசு கொடுத்து வாங்கியவை. பக்கத்தில் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. இதைச் சொல்லக் காரணம், விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பதே அதைத்தான்.

அடித்தொட்டியில் மூன்று அறைகள். முதலாவதில் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கடைசியில் தண்ணீரை மேலே அனுப்பும் பம்ப், நடுவில் ரெஃபியூஜியம். விடுதியில் அதற்குப் பெயர் பாசி அறை. 60 லீற்றர் அளவு, அடியில் நாலு அங்குலம் மெல்லிய கடற்கரை மணல், அதன் மேல் கீட்டோமோர்ஃபா. நாங்கள் கீட்டோ என்போம். பச்சை நைலோன் நூலை உருட்டி வைத்தது போல இருக்கும். இரவில் தொட்டி விளக்கு அணைந்ததும் பாசி அறை விளக்கு எரியும். மீன் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் இருந்து வரும் நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் கீட்டோ உறிஞ்சி வளரும். மேல் தொட்டி பவளப் பாறையில் வேண்டாத பாசி பிடிக்காமல் இருக்க, கீழே வேண்டிய பாசியை வளர்ப்பது, இதுதான் ஏற்பாடு. இரவு வெளிச்சத்தில் பாசி தண்ணீரில் உள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் விடியற்காலையில் தண்ணீரின் பிஎச் அதிகம் இறங்காது என்பது கூடுதல் நன்மை.

சித்திரையில் தொடங்கினோம். ஐப்பசி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி அளவில் போட்ட கீட்டோ அறை முழுக்க நிரம்பியது. நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமே ஒரு பிழை என்பது பிறகு தெரிந்தது.

கண்டது

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் வருவது சித்திரை முதல் புரட்டாதி வரை. வாடைக்காற்று தொடங்கினால் கடல் குமுறும், படகு ஓடாது, விடுதிகள் வெறிச்சோடும். வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த விடுதியில் கார்த்திகையில் மிஞ்சியது தம்பி ஒருவர் மட்டும்.

கார்த்திகை நடுவில் தொலைபேசியில் படம் அனுப்பினார். பாசி அறையின் கண்ணாடியில் பச்சை மயிர் போல ஒன்று, இரண்டு அங்குல நீளம், தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீட்டோவின் மேல்பக்கம் மங்கிய மஞ்சள். மணலின் மேல் ஊதா கலந்த சிவப்பில் வழவழப்பான படலம், அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். மேல் தொட்டி சுத்தமாக இருந்தது.

பச்சை மயிரை நாங்கள் நூல்பாசி என்கிறோம். சிவப்புப் படலம் பாசியே அல்ல, சயனோபக்டீரியா. ஆனாலும் எல்லோரும் சிவப்புப் பாசி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பாசி வளர்க்கத்தானே அந்த அறை, அங்கே எந்தப் பாசி வளர்ந்தால் என்ன? நூல்பாசியும் நைட்ரேட்டைத்தான் உறிஞ்சுகிறது. அதையே ஒரு வலைத் திரையில் தண்ணீர் வழிய விட்டு வளர்த்தால் ஸ்க்ரப்பர் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். கொள்கையளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த அறைக்கு அடுத்த அறையில் பம்ப் இருக்கிறது. கீட்டோ அறுந்தாலும் மேலே போய்ப் பாறையில் வேர் பிடிக்காது, அதற்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கமே இல்லை. நூல்பாசி அப்படியல்ல. ஒரு துணுக்கு பம்ப் வழியாக மேலே போனாலும் பாறையில் பிடித்துக்கொள்ளும். ஆக, மேல் தொட்டி சுத்தமாக இருக்கும்போதே கீழே இதை முடிக்க வேண்டியிருந்தது.

முதல் முடிவு

தம்பியிடம் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்கள் எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. எட்டுக் கிழமையாக நைட்ரேட் பூச்சியம், சில கிழமை 5. பொஸ்பேட் மட்டும் 0.25இலிருந்து 0.5 வரை ஏறியிருந்தது.

அந்த எண்களைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். கடற்பாசியின் உடலில் ஒரு பொஸ்பரஸ் அணுவுக்குச் சராசரி 30 நைட்ரஜன் அணு வரை இருக்கும். நைட்ரேட் தீர்ந்துபோனால் பொஸ்பேட் எவ்வளவு இருந்தாலும் கீட்டோ வளராது. வளர்ச்சி நின்ற பாசியின் மேல் நூல்பாசி ஏறிக்கொள்ளும். சயனோபக்டீரியாவில் சில இனங்கள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக்கக்கூடியவை, அவற்றுக்கு நைட்ரேட் பஞ்சம் ஒரு பொருட்டல்ல. மஞ்சள் கீட்டோ, சிவப்புப் படலம், பூச்சிய நைட்ரேட், மூன்றும் அழகாகப் பொருந்தின.

சரி, பட்டினி கிடக்கும் கீட்டோவுக்கு நைட்ரேட் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். மீன்தொட்டிக்கென்று விற்கும் நைட்ரேட் கரைசலைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, நாளுக்கு இவ்வளவு என்று அளவு சொன்னேன். உரிமையாளர் தயங்கினார். “தம்பி, களை பிடிச்ச வயலுக்கு ஆராவது பசளை போடுவினமோ?” என்று என்னிடம் கேட்டார். விளக்கம் சொல்லிச் சமாளித்தேன். அவருடைய கேள்வி தவறான காரணத்தால் எழுந்த சரியான கேள்வி.

நான் நேரில் போகவில்லை. மழை, வெள்ளம், வேறு வேலை. படத்தையும் எண்ணையும் வைத்தே முடிவெடுத்தேன்.

விளைவு

மூன்று கிழமையில் நூல்பாசி நாலு அங்குலமாக நீண்டது. கீட்டோ பந்தின் நடுப்பகுதி பழுப்பாகிக் கரையத் தொடங்கியது. தண்ணீர் வழிந்து இறங்கும் பற்களில், அதாவது மேல் தொட்டியிலேயே, முதல் பச்சைக் கொத்து தெரிந்தது. மென்பவளங்களில் ஒன்றான தோல் பவளம் சுருங்கி நாலு நாள் விரியவில்லை. கொப்பியில் நைட்ரேட் 5. இவ்வளவு கரைசல் ஊற்றியும் 5.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “நூல்பாசி அத்தனையையும் குடித்துவிடுகிறது” என்று அதற்கும் ஒரு விளக்கம் கைவசம் வைத்திருந்தேன். விளக்கம் எப்போதும் கைவசம் இருப்பது இந்தத் தொழிலில் ஒரு ஆபத்து.

மார்கழி இரண்டாம் கிழமை: நேரில் பார்த்தது

மழை விட்ட ஒரு காலை போனேன். தம்பி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணை, ரெஸ்ட் செய்து காட்டவா?” என்றார். வரவேற்பறை மேசையில் உட்கார்ந்து செய்தார். குழாயைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, 5 மில்லிலீற்றர் கோடு வரை நிரப்பினார். முதலாம் போத்தலில் பத்துத் துளி, மூடிக் கவிழ்த்து நிமிர்த்தினார். இரண்டாம் போத்தலை எடுத்தார், மூடியைத் திறந்தார், பத்துத் துளி. பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் கைபேசியில் நேரம் வைத்தார். மஞ்சள் நிறம். பூச்சியத்துக்கும் ஐந்துக்கும் இடையில்.

இரண்டாம் போத்தலை அவர் ஆட்டவில்லை.

இந்த வகை நைட்ரேட் சோதனையில் இரண்டாம் போத்தலில் கரையாத தூள் இருக்கிறது, வைத்த இடத்தில் அது அடியில் படிந்துவிடும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி நிறம் வரச் செய்வது அந்தத் தூள்தான். ஊற்றுவதற்கு முன் அரை நிமிடம் பலமாக ஆட்டாவிட்டால் துளியில் தூள் வராது, நிறமும் வராது. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் வெண்சாம்பல் நிறத்தில் கட்டியாகப் படிந்திருந்தது. மேசை விளிம்பில் தட்டி, கை வலிக்க ஆட்டி, அதே தண்ணீரில் திரும்பச் செய்தோம். குழாயைக் கவிழ்க்கும்போதே செம்மஞ்சள் ஏறியது. ஐந்து நிமிடத்தில் சிவப்பு. அட்டையில் 40க்கும் 80க்கும் நடுவில் வைக்கலாம்.

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். சோதனை செய்முறையைத் தமிழில் எழுதி அங்கே ஒட்டியவன் நான். “முதலாம் போத்தல் 10 துளி. கவிழ்த்து நிமிர்த்தவும். இரண்டாம் போத்தல் 10 துளி. 1 நிமிடம் குலுக்கவும்.” ஆட்டச் சொல்லும் வரி அதில் இல்லை. முதல் நாள் நானே செய்து காட்டியபோது போத்தலை ஆட்டித்தான் ஊற்றினேன், ஆனால் அது கை செய்த வேலை, வாய் சொல்லவில்லை. தம்பி தாளில் இருந்ததை ஒரு துளி பிசகாமல் செய்திருக்கிறார்.

ஆக, நைட்ரேட் பஞ்சம் என்பது நடக்கவே இல்லை. மித மிஞ்சிக் கிடந்த நைட்ரேட்டுக்கு மேல் மூன்று கிழமை நான் காசு கொடுத்து நைட்ரேட் ஊற்றியிருக்கிறேன்.

அப்புறம் எங்கிருந்து வந்தது

கரைசலை அன்றே நிறுத்தினோம். ஆனால் நூல்பாசி கரைசலுக்கு முன்பே வந்துவிட்டது, அதற்குக் காரணம் வேறு இருக்க வேண்டும். அன்று பகல் முழுக்கப் பாசி அறையோடு இருந்தேன். நாலு விடயங்கள் கிடைத்தன, அவற்றில் எதுவும் கொப்பியில் இல்லை.

முதலாவது கீட்டோ. பந்தை இரண்டு கையாலும் தூக்கியபோது வெள்ளை வாளி நிறைய வந்தது. பிரித்துப் பார்த்தால் வெளியே இரண்டு விரல் கனம் மட்டும் உயிர், உள்ளே பழுப்புக் கஞ்சி. வெளிச்சமும் போகாமல் தண்ணீரும் போகாமல் அழுகியிருக்கிறது. சித்திரையிலிருந்து ஒருவரும் ஒரு பிடிகூட அறுத்து எடுக்கவில்லை. நிறைய இருந்தால் நல்லது என்று மூவருமே நினைத்தோம். பாசி உறிஞ்சிய சத்து பாசியின் உடலில்தான் இருக்கிறது. அதைத் தொட்டிக்கு வெளியே எடுத்தால்தான் சத்து வெளியேறும். எடுக்காமல் அழுக விட்டால் வட்டியோடு தண்ணீருக்கே திரும்பும்.

இரண்டாவது மணல். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேலே ஒரு அங்குலம் வெளிறிய மணல், அதற்குக் கீழே கரிக்கோடு. புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைட் மணலைக் கண்டு பழகிய எங்களுக்குக் கறுப்பு மணல் புதினமல்ல. உரிமையாளர் அதைத்தான் சொன்னார். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கானில் வைத்தேன். கூழ்முட்டை மணம் அறை முழுக்கப் பரவியது. பின்னேரம் திரும்பி வந்து பார்த்தபோது பீங்கானில் இருந்த மணல் சாம்பலும் பழுப்புமாக வெளிறிவிட்டது. இல்மனைட் என்றால் எத்தனை நாள் காற்றில் வைத்தாலும் கறுப்பாகவே இருக்கும். இது ஒட்சிசன் இல்லாத அடுக்கில் உண்டாகும் இரும்புச் சல்பைட். காற்றுப் பட்டால் நிறம் மாறும். மெல்லிய மணல், மெதுவான நீரோட்டம், மேலே பந்து போட்டு மூடிய கீட்டோ. எட்டு மாத மீன் கழிவு அங்கே போய் இருந்துவிட்டது.

மூன்றாவது வெளிச்சம். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு அக்ரிலிக் தகடு வைத்திருந்தோம், தெறிக்கும் உப்புநீர் விளக்கில் படாமல் இருக்க. அதன் அடிப்பக்கம் உப்பும் சிவப்புப் பாசியும் சேர்ந்து பழுப்புக் கண்ணாடி போல ஆகியிருந்தது. மங்கிய வெளிச்சம் சயனோபக்டீரியாவுக்குத் தாராளம், கீட்டோவுக்குப் போதாது.

நாலாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. தண்ணீர் மாற்றுவதற்குக் கடல்நீர் எதிரே இருக்கும் கரையில் இருந்தே அள்ளப்படுகிறது. கச்சான் காலத்தில், அதாவது விருந்தினர் வரும் மாதங்களில், அதைவிட நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. உப்புச் செறிவு காட்டும் கருவியில் 1.025 நிற்கும். மழை தொடங்கினால் வடக்கே சாம்பல்தீவுக் களப்பின் முகத்துவாரம் வெட்டிக்கொண்டு, வயலும் தோட்டமும் கழுவிய தண்ணீர் கடலுக்கு வரும். கார்த்திகையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அள்ளியது அந்தத் தண்ணீர். அன்று நான் ஒரு வாளி அள்ளிப் பார்த்தேன். உப்பு 1.020, பொஸ்பேட் சோதனையில் நீலம் தெளிவாகத் தெரிந்தது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துப் பசளைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு, தம்பி தானாகச் சொன்னது. ஆள் இல்லாத விடுதியில் பொழுது போகாமல் மீனுக்கு நாளுக்கு மூன்று தரம் சாப்பாடு போட்டிருக்கிறார். கோபிக்க மனம் வரவில்லை. மழையில் தனியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எடுக்காத மருந்துகள்

இரண்டு யோசனைகள் வந்தன, இரண்டையும் விட்டோம். ஒன்று ஃப்ளூகொனசோல். பூஞ்சைக்குக் கொடுக்கும் கப்ஸ்யூல், பார்மசியில் கிடைக்கும். பிரையொப்சிஸ் என்ற பாசிக்கு அது நன்றாக வேலை செய்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆனால் பிரையொப்சிஸின் ஒவ்வொரு தண்டும் கோழி இறகு போல இருபக்கமும் கிளைத்திருக்கும். எங்கள் நூலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம், கிளை இல்லாத வெறும் நூல், டெர்பேசியா வகை. தவிர, மருந்து போட்டால் கிழமைக் கணக்கில் தண்ணீரை வடிகட்டப் போடும் கரியை எடுத்துவிட வேண்டும், ஸ்கிம்மரையும் நிறுத்த வேண்டும். செத்த பாசி அத்தனையும் தண்ணீரிலேயே கரையும். சத்து மிஞ்சிப் போன தொட்டிக்கு அது பொருந்தாது.

மற்றது சிவப்புப் பாசிக்கு எரித்ரோமைசின். அது பக்டீரியாவைக் கொல்லும் மருந்து. கழிவைச் சிதைக்கும் நல்ல பக்டீரியாவும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றேன்.

செய்ததும் அதன் வரிசையும்

மணலை ஒரே நாளில் எடுக்கவில்லை. கறுப்பு அடுக்கைக் கலக்கினால் ஐதரசன் சல்பைட் வெளியேறும், அது மேலே போனால் மீன் தப்பாது. பாசி அறைக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, அரை அங்குல ஓஸால் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் வாளிக்குள் உறிஞ்சி எடுத்தோம். கலங்கல் அடங்கும்வரை இரண்டு மணித்தியாலம் விட்டு, மேலே நின்ற தண்ணீரையும் எடுத்துவிட்ட பிறகே வால்வைத் திறந்தோம். அடுத்த பகுதி ஐந்து நாள் கழித்து. மூன்றாம் முறை தம்பி தனியாகவே செய்தார். அவசரத்தில் வால்வைச் சற்று முன்னதாகத் திறந்துவிட்டார். மறுநாள் காலை ஒரு குரோமிஸ் செத்துக் கிடந்தது. காரணம் அதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மீன் சில நாளாகவே ஒதுங்கி நின்றது. ஆனால் கொப்பியில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

மணலைத் திரும்பப் போடவில்லை. வெறும் கண்ணாடித் தளம். அழகு குறைவு, ஆனால் என்ன படிகிறது என்று தெரிகிறது, கிழமைக்கு ஒருமுறை உறிஞ்சிவிடலாம்.

கீட்டோவில் ஒரு கை அளவு நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தோம். அந்த ஒரு கையைத் துப்புரவாக்கத்தான் அதிக நேரம் போனது. வெள்ளைப் பேசினில் கடல்நீர், மேலே டோர்ச் லைட், கையில் சிறு இடுக்கி. கீட்டோ இழை தடித்தது, விறைப்பானது. விரலுக்கிடையில் உருட்டினால் மீன் தங்கூசி போலத் தெரியும். நூல்பாசி தொட்டால் ஈரப் பஞ்சு போலப் படுத்துவிடும். முதலில் கண்ணால் பிரித்த தம்பி, அரை மணித்தியாலத்தில் கண்ணை எடுத்துவிட்டு விரலாலேயே பிரிக்கத் தொடங்கினார், என்னைவிட வேகமாக. இரண்டு மணித்தியால வேலைக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது தேசிக்காய் அளவுப் பந்து.

அது வளரும்வரை காத்திருக்காமல் கஞ்சிப்பாசி போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமப் பக்கக் களப்பிலும் வளரும் கிரசிலாரியா அது. டாங் விரும்பித் தின்னும். தெரிந்த மீனவர் வலையில் சிக்கியதை ஒரு பை கொண்டுவந்தார். நேரே போடாமல் தனி வாளியில் காற்றுக் குழாயோடு பத்து நாள் வைத்தோம். ஆறாம் நாள் வாளியின் சுவரில் நூல்பாசி முளைத்தது, அடியில் பச்சை மணி போல இரண்டு குமிழ்ப்பாசி. பாசி அறைக்கு அது போகவில்லை. நன்றாகக் கழுவிக் கொஞ்சம் கொஞ்சமாக டாங்குக்குத் தீனியாகிவிட்டது. முதன்முதலில் நூல்பாசி எப்படி வந்தது என்பதற்கும் இது ஒரு பதில் தருகிறது: சித்திரையில் கீட்டோவை வாங்கிய அன்றே தொட்டியில் போட்டோம், ஒரு நாள்கூட ஒதுக்கி வைக்கவில்லை.

தண்ணீர் பெரிய பிரச்சினை. நிறையத் தண்ணீர் மாற்ற வேண்டும், ஆனால் கரைத் தண்ணீர் உதவாது. உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டே செயற்கை உப்பு ஒரு 20 கிலோப் பை வாங்கினார். ஆர்.ஓ. தண்ணீரில் லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்து, நாலு கிழமை கிழமைக்கு 65 லீற்றர், பிறகு 45 லீற்றர் மாற்றினோம். பொஸ்பேட் உறிஞ்சும் இரும்பொட்சைட்டை டப்பா சொல்லும் அளவில் பாதிதான் போட்டோம். பொஸ்பேட் திடீரென்று விழுந்தால் மென்பவளம் தாங்காது. எல்லாவற்றையும் பூச்சியமாக்கவும் முயலவில்லை. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் அறவே இல்லாத தொட்டியில் டைனோஃப்ளாஜெலேட் என்ற பழுப்புச் சளி வரும், அதோடு ஒப்பிட்டால் நூல்பாசி பரவாயில்லை என்று தோன்றும்.

விளக்குத் தகட்டைக் கழுவி, பாசி அறை வெளிச்சத்தை இரவில் 14 மணித்தியாலமாக்கினோம். நீரோட்டத்தையும் கூட்டினோம், பந்து மெதுவாக உருளும் அளவுக்கு. பாசி வந்தால் வெளிச்சத்தைக் குறை என்பது பொதுவான ஆலோசனை. மேல் தொட்டிக்கு அது சரியாகலாம். பாசி அறையில் வெளிச்சத்தைக் குறைத்தால் முதலில் தோற்பது கீட்டோதான்.

சாப்பாடு நாளுக்கு ஒரு தரம். இதற்கு மட்டும் தம்பியின் முகம் வாடியது.

தொடர்ந்து நடந்தது

முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை. நூல்பாசியைக் கையால் பிடுங்குவதும் அது திரும்ப வருவதுமாக இருந்தது. உரிமையாளர் ஒருநாள் பாசி அறையையே கழற்றிவிடலாமா என்று கேட்டார். அவ்வளவு பிழையான யோசனை அல்ல. நல்ல ஸ்கிம்மரும் ஒழுங்கான தண்ணீர் மாற்றமும் இருந்தால் பாசி அறை இல்லாமலும் தொட்டி ஓடும். தைமாதம் முடியும்வரை பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் கிழமை நைட்ரேட் 40, பொஸ்பேட் 0.3. சிவப்புப் படலம் தானாக உரிந்து போனது. அது இருந்த மணலே இல்லை. ஐந்தாம் கிழமை கீட்டோ தேங்காய் அளவாகி, நிறம் கடும்பச்சைக்குத் திரும்பியது. நூல்பாசி முன்பு கிழமைக்கு ஒரு அங்குலம் வளர்ந்தது, இப்போது பிடுங்கிய இடத்தில் மெல்லிய பச்சை நிழல் மட்டும். எட்டாம் கிழமை, மாசி நடுவில், நைட்ரேட் 10க்கும் 20க்கும் இடையில், பொஸ்பேட் 0.12. தோல் பவளம் முழுதாக விரிந்தது. மேல் தொட்டியின் பற்களில் இருந்த கொத்தைப் பம்பை நிறுத்திவிட்டுப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உதிர்வதை ஓஸால் உறிஞ்சி எடுத்தோம். அது முழுதாக ஒழியவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் அதே மூலையில் தலை காட்டுகிறது.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

கண்ணாடிக் கதவுத் தாளைத் தம்பியே திரும்ப எழுதினார். “இரண்டாம் போத்தலை 30 செக்கன் பலமாக ஆட்டவும்” என்பது சிவப்பு மையில் இருக்கிறது. கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் நிறத்தையும் எழுதுகிறோம்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. எண் ஒரு முடிவு, நிறம் கண்ணால் கண்டது. மாதம் ஒருமுறை நான் போகும்போது அதே தண்ணீரை என்னுடைய பெட்டியால் சோதித்து ஒப்பிடுகிறேன். எட்டுக் கிழமை பூச்சியம் என்று எழுதியிருந்தால், பூச்சியம் என்பதையே முதலில் சந்தேகப்பட வேண்டும். ஐந்து மீனுக்கு மேல் தின்று கழிக்கும் தொட்டியில் அது லேசில் வராத எண்.

கீட்டோவை இரண்டு கிழமைக்கு ஒரு திங்கட்கிழமை பாதியாக அறுக்கிறோம். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் வைத்தால் நினைவிருக்கும் என்று முதலில் யோசித்தோம், ஆனால் போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையில் விடுதி நிரம்பிவிடும். அறுத்ததை உதறி நிறுத்து எழுதுகிறோம். நிறை குறைந்தால் கீட்டோ களைத்துவிட்டது என்று நூல்பாசி தெரிவதற்கு முன்பே தெரியும்.

புரட்டாதி முடிவதற்குள், கடல் தெளிவாக இருக்கும்போதே, மூடியுள்ள நீலப் பீப்பாய்களில் 600 லீற்றர் கடல்நீர் பிடித்து இருட்டில் வைக்கத் திட்டம். வாடை முழுவதற்கும் அது போதாது, மீதிக்கு உப்புப் பை. இதுவரை பீப்பாய் இரண்டுதான் வாங்கியிருக்கிறார்.

நான் மாற்ற வேண்டியது ஒன்று இன்னும் மாறவில்லை. மழைக்காலத்தில் மாதம் இரண்டு தரம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கார்த்திகை வந்தால் பார்க்க வேண்டும்.

பங்குனி கடைசித் திங்கட்கிழமைப் பதிவு, தம்பியின் கையெழுத்தில்: “நைட்ரேட் 10, செம்மஞ்சள். பொஸ்பேட் 0.1, இளநீலம். உப்பு 1.025. கீட்டோ 640 கிராம் அறுத்தது, பின்பக்கத் தென்னைக்குப் போட்டது. பற்களில் நூல்பாசி ஒரு கொத்து, எடுத்தாச்சு. போத்தல் ஆட்டினது.”